கலைக்க வேண்டிய பக்கம்

சட்டத்தை இறுக்கும் சாவியைத் தராசு இன்னும் அரைச் சுற்று திருப்பினான். இரும்புச் சட்டத்துக்குள் இறுகிக் கிடந்த ஈய எழுத்துகள் மூச்சு விட்ட மாதிரி நெகிழ்ந்தன. ஓரத்து வரி ஒன்று சாயத் தொடங்கியது. அதைக் கட்டைவிரலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, மீதியை எந்தப் பக்கத்திலிருந்து பிரிப்பது என்று யோசிக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

“ஐயோ, கையை எடுங்க! இல்ல இல்ல, எடுக்காதீங்க! அப்படியே பிடிங்க!”

எடுப்பதா, பிடிப்பதா என்று விளங்காமல் அவன் சிலையாக நின்றான். அச்சுக்கலைத் துறைத் தலைவியான பேராசிரியை கைப்பையை நாற்காலியில் எறிந்துவிட்டு ஓடிவந்தார். அவன் விரலைத் தள்ளி, வரியை நிமிர்த்தி, சாவியைப் பிடுங்கிச் சட்டத்தை மறுபடி இறுக்கினார்.

“இது யார் பக்கம்னு தெரியுமா?”

“மாமாவோடது.”

“ரெண்டாம் வருஷப் பொண்ணோட பரீட்சைப் பக்கம். ராத்திரி பகலா அடுக்கியிருக்கா.”

“மாமாவோட மூக்குக்கண்ணாடி இது மேலதானே இருந்துச்சு?”

“அவர் கண்ணாடியை எங்கதான் வைக்கலை? போன மாசம் ஃப்ரிட்ஜுலேர்ந்து எடுத்தோம்.”

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, கண்ணாடிக்காரர் இனி எதையும் எங்கேயும் மறந்து வைக்கப் போவதில்லை என்று. பேராசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தராசு அந்தக் கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். எதற்குப் போட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தராசு என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பழைய இரும்புக் கடை நடத்துகிறவனுக்கு மாமனார் சூட்டியது. “தராசு வந்தாச்சா?” என்று மகளிடம் கேட்பார். அது விசாரிப்பா, குத்தலா என்று கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனால் எடைபோட முடியவில்லை. கடைப் பையன்கள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த மாமனார் அன்று விடியும்போது போய்விட்டார். பல்கலைக்கழக அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்து, ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியே ஓய்வுபெற்று, அந்த ஓய்வு ஒத்துக்கொள்ளாமல், அதே இயந்திரங்களை வைத்துப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய அச்சுக்கலைத் துறைக்குத் திரும்பி வந்தவர். கம்ப்யூட்டரில் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலையை ஒரு வாரம் இழுத்துச் செய்யக் கற்றுக்கொள்ள மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். சேர இடம் கிடைக்காமல் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்கள் உண்டு. தராசுக்கு இந்த வியாபாரம் மட்டும் பிடிபட்டதே இல்லை. ஆனால் கூட்டம் நிற்கிற கடையைக் குறை சொல்பவன் வியாபாரி இல்லை என்பதால் வாயைத் திறந்ததும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தவருக்கு விடியற்காலையில் மகள் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அவர் கண்ணைத் திறந்து, கடைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்லி அனுப்புகிற குரலில் பேசியிருக்கிறார். “மேசையில நிக்கிற என் பக்கத்தைக் கலைச்சிடச் சொல்லும்மா. எழுத்தெல்லாம் அதது இடத்துக்குப் போயிடட்டும்.” அவ்வளவுதான். பிறகு தூங்கினார். தூக்கம் எப்போது வேறொன்றாக மாறியது என்று அருகிலிருந்த மகளுக்கே தெரியவில்லை.

“இது ஒண்ணுதான் சொன்னார்,” என்றாள் அவன் மனைவி. அழவில்லை. புரியாத மொழியில் வந்த தந்தியை வைத்துக்கொண்டு நிற்கிறவள் மாதிரி இருந்தாள். “வேற ஒண்ணுமே சொல்லலைங்க. நீங்க போய் அதைச் செஞ்சுட்டு வாங்க. அதுவரைக்கும் அப்பாவை எடுக்க விடமாட்டேன்.”

“அது என்னன்னு எனக்கு என்ன தெரியும்? நான் உடைக்கிறவன், உங்கப்பா அடுக்குறவர்.”

“கலைக்கத்தானே சொன்னார்? உங்களுக்கு வரும்.”

சித்தப்பா ஒருவர் குறுக்கே வந்தார். “ஏம்மா, மனுஷன் போயாச்சு. ஆபீஸ் வேலையை அப்புறம் பாத்துக்கக் கூடாதா?” அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காப்பி எங்கே என்று கேட்டுக்கொண்டே நகர்ந்துவிட்டார். தராசு மாமனாரின் சட்டையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சாவு வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கும். பந்தல், வண்டி, நாற்காலி. தனக்கு மட்டும் ஏன் இப்படி ஒன்று வாய்த்தது என்று வழியெல்லாம் குழம்பினான். அழுகையும் வரவில்லை. அச்சுக்கூடத்தைத் திறந்ததும் மனசில் முதலில் ஓடியது, இங்கே மொத்தம் எவ்வளவு ஈயம் இருக்கும் என்கிற யோசனை. தூ என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் மேசையில் கிடந்த இறுக்கு சாவியை எடுத்துச் சட்டத்தில் நுழைத்தான். நுழைத்ததும் தப்பான பக்கம்.

“உங்க மாமாவோடது இது,” என்று பேராசிரியை ஜன்னலோர மேசைக்கு அழைத்துப் போனார்.

முந்தையதைவிடப் பெரிய சட்டம். பெரிய எழுத்துகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திரும்பி நின்றன. நடுநடுவே சில இடங்களில் எழுத்தே இல்லை. அங்கே ஈயத் துண்டின் அடிப்புறம் மொட்டையாக மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

“இது என்ன, பல் விழுந்த மாதிரி?”

“அந்த எழுத்து தீர்ந்துபோச்சு. தீர்ந்தா அதே அகலத்துல வேற ஒண்ணைத் தலைகீழா குத்தி வைப்போம். இடம் பிடிச்சு வைக்கிறதுக்கு. அப்புறம் சரியான எழுத்து கிடைச்சதும் மாத்திக்கலாம். இந்த அளவுல யாரும் இப்ப வார்க்கிறதில்லை. எங்கேயோ கிடைக்கும்னு தேடிட்டே இருந்தார்.”

“என்ன எழுதியிருக்கு?”

“நம்ம அச்சகத்தோட வரலாறு. அடுத்த மாசம் காட்சிக்கூடம் திறக்கிறோம். வாசல்ல வைக்கிற முதல் பக்கம்.” பேராசிரியை கையை அந்தச் சட்டத்தின் மேல் வைத்தார். “கேளுங்க, நானே உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன். போற வழியில இதை யாரும் தொட்டுடக் கூடாதேன்னு மூடி வெச்சுட்டுப் போக வந்தேன். வந்தா நீங்க.”

“மேடம், இதைக் கலைக்கணும்.”

“கலைக்கிறதா?”

அவன் சொன்னான். விடியற்காலை, ஸ்பூன், தண்ணீர், கடைசி வார்த்தை, எடுக்க விடமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் மனைவி. சொல்லச் சொல்ல அவனுக்கே இது யாரோ கட்டிவிட்ட கதை மாதிரி இருந்தது.

பேராசிரியை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “என்கிட்ட வேற மாதிரி சொன்னாரே. போன வாரம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, இதே இடத்துல நின்னு. ‘இது அப்படியே நிக்கட்டும்மா, யாரும் கை வைக்க வேணாம்’னார். அதை வெச்சுத்தான் நான் முடிவே பண்ணினேன். இதை இப்படியே, பாதியிலே நின்னபடியே, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறேன். அவர் தொட்ட கடைசிப் பக்கம்.”

“என் பொண்டாட்டிகிட்ட கலைன்னார்.”

“காய்ச்சல்ல சொல்லியிருப்பார்.”

“உங்ககிட்ட சொல்லும்போது காய்ச்சல் இல்லைன்னு யார் பார்த்தா?”

“கடைசியா சொன்னதுதான் செல்லும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

“கடையில அப்படித்தான் மேடம். கடைசியா சொன்ன விலைதான் விலை.”

“இது கடை இல்ல.”

“தெரியுது. கடையா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்.”

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்து, வந்ததற்காகக் கோபமும் வந்தது. “உங்களுக்கு எல்லாமே உருக்குற சரக்கு. எத்தனை அச்சகம் மூடினப்போ உங்க ஆளுங்க மூட்டை மூட்டையா எழுத்தை அள்ளிட்டுப் போனாங்க? இந்த எழுத்தே உங்க கடையில இருந்து வந்ததுதானே?”

அது உண்மை. யாரோ மூடிய அச்சகத்தின் எழுத்தெல்லாம் சாக்கில் வந்து அவன் கடையில் கிடந்தது. அதைத் தேடிக்கொண்டு மாமனார் வந்தார், அப்போது அவர் மாமனார் இல்லை. அந்த மாதிரி வாடிக்கையாளரை அவன் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. இவன் ஒரு விலை சொன்னால் அவர் அதே விலையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, ரொம்பக் குறைத்துக் கேட்டுவிட்டோமோ என்று சங்கடப்பட்டார். கூட வந்திருந்த மகள்தான் அப்பாவைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். சாக்கின் எடை, துரு, ஈரம், கலப்படம் என்று ஒவ்வொன்றாகக் கழித்து அவனைச் சுவரில் சாய்த்தாள். அன்றைக்குத் தோற்றவன் இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

“ஃபோட்டோ எடுத்துக்கங்க,” என்றான். “எத்தனை வேணும்னாலும்.”

“ஃபோட்டோவைப் பெட்டிக்குள்ள வெச்சு என்ன பண்றது?”

“மையைத் தடவி ஒண்ணு அச்சடிச்சுக்கங்க.”

“சரி, நானும் ஒண்ணு சொல்றேன். தலைப்பு வரியையும் முதல் பத்தியையும் விட்டுடுங்க. அது நிக்கட்டும். மீதியைக் கலைச்சுக்கலாம். உங்க மனைவிக்கும் செஞ்ச மாதிரி, எனக்கும் மிஞ்சின மாதிரி.”

நடுவில் ஒரு விலை வந்தால் கை தானாக நீள்வது அவன் ரத்தத்தில் ஊறியது. “முடிஞ்சுது,” என்று சொல்லியே விட்டான். சொன்ன பிறகுதான் எதை முடித்தோம் என்று உள்ளே உதைத்தது. செல்போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மனைவியைக் கூப்பிட்டான்.

“பாதி கலைச்சா போதுமாங்கிறாங்க. பாதி அவங்களுக்கு.”

எதிர்முனையில் வீட்டுச் சத்தம். யாரோ நாற்காலி இழுத்தார்கள். ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டது.

“பாதி அப்பாவை மட்டும் எடுத்துட்டுப் போகலாமான்னு அவங்களைக் கேளுங்க,” என்றாள். வைத்துவிட்டாள்.

பேராசிரியை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தராசு பேசவில்லை. பேரத்தில் எதிராளி சும்மா இருக்கும்போது வாயைத் திறப்பவன் நஷ்டப்படுவான் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் இப்போது அந்தச் சாமர்த்தியத்துக்காகச் சும்மா இருந்தானா, சொல்ல எதுவும் இல்லாததாலா என்று அவனே அறியான்.

கடைசியில் அவர் எழுந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். “ஒண்ணு அச்சடிச்சுக்கிறேன். அதுக்கு ஒத்துக்கிட்டீங்க.”

“ஒத்துக்கிட்டேன்.”

மை உருளையை உருட்டி, காகிதத்தை விரித்து, கையால் அழுத்தி உரித்தார். பெரிய கறுத்த எழுத்துகள் நேராகத் திரும்பி நின்றன. தலைகீழாகக் குத்திய இடங்களிலெல்லாம் கறுப்புக் கட்டங்கள். பேராசிரியை அதைக் கை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே வைத்துப் பார்த்தார். தராசின் கண்ணுக்கு அது நன்றாகவே இருந்தது. வீட்டில் மாட்டினால்கூட யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

“ஒரு புள்ளி சரியா விழலைன்னா முழுத் தாளையும் கிழிக்கிறவர்,” என்றார் அவர். “இதைப் போய் வாசல்ல...” தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“அப்போ உங்ககிட்ட ஏன் நிக்கட்டும்னார்?”

“எழுத்து கிடைச்சுடும்னு நெனச்சிருப்பார். திரும்பி வந்துடுவோம்னு நெனச்சிருப்பார். எனக்கு எப்படித் தெரியும்?” குரல் உயர்ந்தது. “நீங்க கூடவே இருந்தீங்களே, உங்களுக்குத் தெரியுமா?”

அவனுக்கும் தெரியவில்லை. ஒரே மனுஷன் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடையில் என்றால் ஆள் அனுப்பிக் கேட்டுவிடலாம்.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மையைத் துடைத்தார்கள். பேராசிரியை சட்டத்தைத் தளர்த்தி, இரண்டு வரிகளை அப்படியே இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, வாய்க்குள் படித்தபடி மரத்தட்டின் கட்டங்களில் போட ஆரம்பித்தார். தராசும் ஆசையாக நாலு எழுத்தைக் கிள்ளி, பார்க்க ஒரே மாதிரி இருந்த நாலையும் ஒரே கட்டத்தில் போட்டான்.

“நாலும் வேற வேற!” என்று அவர் அலறினார். “இது ஆணி இல்ல சார், முனையைப் பார்த்துப் பிரிக்க! ஒரு எழுத்து இடம் மாறி விழுந்தா அடுத்த வருஷம் யாரோ ஒரு பையன் அழுவான்.” நாலையும் தோண்டி எடுத்தார். அப்புறம் கொஞ்சம் தணிந்து, வார்த்தைகளுக்கு நடுவில் இருந்த, எழுத்தில்லாத வெற்று ஈயத் துண்டுகளை அவன் பக்கம் ஒதுக்கினார். “இது தடிமன் பார்த்துப் பிரிக்கிறது. இது உங்களுக்கு வரும்.”

வந்தது. விரலால் தொட்டதுமே எது மெல்லிசு, எது தடி என்று அவனுக்குத் தெரிந்தது. மாமனாரின் பக்கத்தில் வார்த்தையெல்லாம் பேராசிரியைக்கு, இடைவெளியெல்லாம் இவனுக்கு. தன்னிடம் வந்த துண்டுகளைப் பிரித்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்தில் கால்வாசிகூடக் குறையவில்லை.

செல்போன் அடித்தது. மச்சினன்.

“அத்தான், எங்கே இருக்கீங்க? துணைவேந்தர் வந்து உக்காந்திருக்கார். வண்டிக்காரன் அடுத்த இடத்துக்குப் போகணுங்கிறான். அக்கா நகர மாட்டேங்கிறா. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கிறாங்க.”

“இதோ,” என்றான் தராசு. வைத்துவிட்டுப் பேராசிரியையைப் பார்த்தான்.

“நீங்க போங்க,” என்றார் அவர், கையை நிறுத்தாமல். “நான் முடிச்சிடறேன்.”

அவன் நகரவில்லை.

“நீங்க போனதும் நிறுத்திடுவேன்னு நெனக்கிறீங்களா?”

“எங்க தொழில்ல சரக்கு வண்டியில ஏறுற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும் மேடம்.”

அவர் எழுத்தை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தார். “உண்மையைச் சொல்லட்டுமா? நிறுத்திட மாட்டேன்னு எனக்கே சத்தியமா சொல்ல முடியலை. ஒவ்வொரு வரி எடுக்கும்போதும் வேணாம் வேணாம்னுதான் இருக்கு.”

“நீங்க மாமாவைக் கடைசியா ஒரு தடவை பார்க்க வரலையா?”

“வரணும்,” என்றார். திரும்பி நின்றுகொண்டார்.

தராசு படியிறங்கினான். பேராசிரியை வந்தால் பக்கம் பாதியில் நிற்கும். பக்கத்தை முடிக்க நின்றால் அவர் வர முடியாது. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வண்டியைக் கிளப்பினான். வழியில் ஒரு யோசனை வந்தது. முடிந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிவிடலாம். வாழ்க்கையில் எத்தனையோ பொய்யைச் சில்லறையாகவும் மொத்தமாகவும் தள்ளிவிட்டவன். இது ஒன்று கனத்துவிடுமா? வீட்டுத் தெரு திரும்புகிற வரை அதை நாக்கில் வைத்துப் பழகிப் பார்த்தான்.

வீட்டில் கூடம் நிறைந்திருந்தது. துணைவேந்தர் முன்வரிசையில், பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ரிப்பன் தொங்கும் பெரிய மலர்வளையம் மாமனாரின் மார்பு மேல். பக்கத்தில் பதிவாளர், பின்னால் சுவரோரமாக மாணவர்கள். மனைவி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் எழுந்து, சமையலறை வாசல்வரை வந்தாள்.

“முடிஞ்சுதா?”

பழகி வைத்திருந்த பொய் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டது. “இல்ல. பாதிகூட ஆகலை. அந்த அம்மா தனியா கலைச்சுட்டு இருக்காங்க. முடிச்சுடறேன்னாங்க.”

“நம்பலாமா?”

சரக்கைப் பார்த்ததும் ஆளைப் பார்த்ததும் எடை சொல்கிறவன் வாயைத் திறந்தான், மூடினான். “தெரியலை,” என்றான்.

அவள் அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். திரும்பிப் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். வாசலில் வண்டிக்காரன் ஹாரனைத் தொட்டு எடுத்தான். சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தராசும் மனைவியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். வந்தது பக்கத்து வீட்டுக்காரர். வந்தது நாற்காலி வாடகைக்காரர். வந்தது இன்னும் நாலு மாணவர்கள்.

துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதிவாளர் பக்கம் சாய்ந்தார். “எங்கே அவங்க? துறைத் தலைவி இல்லாம எப்படி? எல்லாத்துக்கும் இவர்தான் இவர்தான்னு சொல்லிட்டே இருப்பாங்களே.”

“கூப்பிடறேன் சார்.” பதிவாளர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு காதைப் பொத்தியபடி, தலைமாட்டின் பக்கமாக ஒதுங்கினார். நெடுநேரம் அடித்திருக்க வேண்டும். அப்புறம், “மேடம், எங்கே இருக்கீங்க? எல்லாரும் உங்களுக்காக...” என்றார். நிறுத்தினார். செல்போனைக் காதிலிருந்து எடுத்து அதையே வெறித்தார்.

“என்னவாம்?” என்றார் துணைவேந்தர்.

“கை ஒழியலையாம் சார். வர முடியாது, எடுத்துடச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.” அவர் குரல் உயர்ந்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. “இந்த நேரத்துல அப்படி என்ன சார் வேலை? மனுஷத்தன்மை வேணாமா?”

மாணவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சித்தப்பா, “படிச்சவங்க இல்லையா,” என்று யாரிடமோ சொன்னார்.

தராசு மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எடுக்கலாம்,” என்றாள்.

ஆட்கள் முன்னால் வந்தார்கள். அவள் அவர்களைக் கையால் ஒரு கணம் நிறுத்தி, குனிந்து, அப்பாவின் கைகளை மூடிக் கிடந்த பெரிய மலர்வளையத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தாள்.